ஐந்தாண்டு விசாவில் மகனிடம் போகிறோம்: ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றுவிடலாமா?

3 ஆகஸ்ட் 2024. ஸ்ரீரங்கத்து வாசகர் கேட்டது

எனக்கு வயது 66, மனைவிக்கு 62. மெல்பர்னில் இருக்கும் மகன், பெற்றோருக்கான 870 விசாவில் எங்களை ஐந்தாண்டுகளுக்கு அழைத்துக்கொள்கிறான். இங்கே வீட்டைப் பூட்டி வைத்தால் கரையான் அரித்துவிடும். விற்றால் 80 லட்சம் வரும். அதை மகனுடைய வீட்டுக்கடனில் போட்டுவிட்டு ஓய்வூதியத்தை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு. இதில் தவறு ஏதும் உண்டா?

4 ஆகஸ்ட் 2024

தவறு உண்டு. நானும் என் மனைவியும் 2023 ஜனவரி முதல் இதே விசாவில் மெல்பர்னில் இருக்கிறோம். பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அனுபவம் எனக்கு எவ்வளவு குறைவாக உதவியது என்பது கீழே போகப் போகத் தெரியும்.

870 தற்காலிக விசா. 2019-ல் தொடங்கியபோது மூன்றாண்டுகளுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலர், ஐந்தாண்டுகளுக்கு 10,000 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. இன்றைய மதிப்பில் ஐந்தாண்டு விசாவுக்கு ஒருவருக்கே ஆறு லட்ச ரூபாய்க்குக் குறையாது. ஒரு பகுதியை விண்ணப்பிக்கும்போதும் மீதியை விசா தருவதற்கு முன்பும் கட்ட வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இல்லை. எத்தனை முறை வாங்கினாலும் மொத்தம் பத்தாண்டுகளுக்கு மேல் தங்க முடியாது. முதல் விசா முடிந்து இரண்டாவதைப் பெறுவதற்கு நடுவில் தொடர்ந்து 90 நாட்களாவது ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். இந்த விசாவில் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டே நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை.

ஆகவே ஸ்ரீரங்கத்து நண்பரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த 90 நாட்கள் எங்கே தங்குவீர்கள்? பத்தாண்டுகள் முடிந்து 76 வயதில் திரும்பி வரும்போது எந்த வாசலில் பெட்டியை இறக்குவீர்கள்? போகிற நாளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். திரும்பி வருகிற நாளை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

வரியும் இருக்கிறது. ஜூலை 23 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் இண்டெக்சேஷன் போய்விட்டது. மூலதன ஆதாயத்துக்கு நேராக 12.5 விழுக்காடு. மகனுக்குப் பணம் அனுப்பும்போது ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 20 விழுக்காட்டை வங்கி டிசிஎஸ் என்று முன்கூட்டிய வரியாகப் பிடித்துக்கொள்ளும். 80 லட்சத்தை அனுப்பினால் 14 லட்சத்து 60 ஆயிரம். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும் என்றாலும் அதுவரை அந்தப் பணம் உங்களுடையதன்று.

4 ஆகஸ்ட் 2024, இரவு

கரையானைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கரையானுக்கு மருந்து உண்டு.

9 ஆகஸ்ட் 2024

ஐந்து நாட்களுக்கு முன் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் நிறைவேறிய திருத்தத்தின்படி, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலங்களுக்கு, இண்டெக்சேஷனுடன் 20 விழுக்காடு, இல்லாமல் 12.5 விழுக்காடு ஆகிய இரண்டில் எந்த வரி குறைவோ அதைக் கட்டலாம்.

நண்பர் 1996-ல் வாங்கிய வீடு என்று தனியே எழுதியிருந்தார். 2001-க்கு முன் வாங்கியதென்றால் 1.4.2001 அன்றைய மதிப்பை, அப்போதைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பணவீக்கக் குறியீடு 2001-02-க்கு 100, 2024-25-க்கு 363. ஆகவே விலை 43.56 லட்சமாக உயரும். ஆதாயம் 36.44 லட்சம், வரி 7.29 லட்சம். இண்டெக்சேஷன் இல்லாமல் போட்டால் 68 லட்சத்துக்கு 8.5 லட்சம். ஆனால் அதே மதிப்பு 8 லட்சமாக இருந்தால் பழைய முறையில் 10 லட்சத்துக்கு மேலும் புதிய முறையில் 9 லட்சமும் வரும்; அப்போது எல்லோரும் திட்டித் தீர்த்த புதிய முறையே லாபம். கொந்தளிப்பதற்கு முன் அவரவர் வீட்டுக்கு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முக்கியமானது இதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எது குறைவோ அதைக் கட்டும் இந்தச் சலுகை, வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே. நீங்கள் மெல்பர்னுக்கு வந்து வசிக்காதவர் ஆகிவிட்ட பிறகு விற்றால் 12.5 விழுக்காடு மட்டும்தான். அத்துடன், வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்குகிறவர் விலையில் 1 விழுக்காட்டைப் பிடித்துக் கட்டினால் போதும். வசிக்காதவரிடம் வாங்குகிறவர் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளையும் சேர்த்து, 80 லட்சத்துக்கு 11 லட்சத்துக்கு மேல் பிடித்தாக வேண்டும். ஆதாயத்துக்கு மட்டும் பிடிக்கும்படி வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். அதற்குப் பல வாரங்கள் ஆகும், வாங்குகிறவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. விற்றே தீருவது என்றால் புறப்படுவதற்கு முன் விற்றுவிடுங்கள். விற்க வேண்டாம் என்பதே இன்னமும் என் கருத்து.

25 ஆகஸ்ட் 2024

'வசிக்காதவர்' என்றால் யார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது: ஏப்ரல் முதல் மார்ச் வரையில் இந்தியாவில் 182 நாட்கள் இருந்தால் வசிப்பவர். அதற்குக் குறைவாக, 60 நாட்கள் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்கள் இருந்திருந்தாலும் வசிப்பவரே. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் ஊரைப் பார்க்க வந்தால் அந்த 60 என்பது 182 ஆகும். அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120. அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டமோ முந்தைய நிதியாண்டின் நாட்களோடு, காலவரையறை இல்லாமல் வெளியே தங்கும் எண்ணத்தோடு போனீர்களா என்பதையும் பார்க்கிறது. ஐந்தாண்டு விசா என்பது காலவரையறை உள்ளதா இல்லாததா என்று என்னுடைய பழைய சகா ஒருவர் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதாடினார். முழு நிதியாண்டு ஒன்று வெளியில் கழிந்துவிட்டால் அந்த வாதத்துக்கு வேலையில்லை. சேமிப்புக் கணக்கை, வசிக்காதவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டியதுதான்.

இங்கே என் கதையைச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில், பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் 15எச் படிவத்தை இணையவழியாகக் கொடுத்தேன். பணியில் இருந்த காலத்தில் ஏப்ரல் முதல் வாரமென்றால் கவுண்டரின் முன்னால் மூத்த குடிமக்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தப் படிவங்களை வாங்கி வாங்கி அடுக்கிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஆண்டுதோறும் கொடுத்து வந்தேன். பழக்கம் கையில் இருக்கிறது, மூளையில் இல்லை. வசிக்காதவர் 15எச் கொடுக்கக் கூடாது. அது பொய்யான உறுதிமொழி. ஆகஸ்டில்தான் உறைத்தது. கிளைக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு, கணக்கை மாற்றி, விடுபட்ட வரியைக் கட்டினேன்.

விளைவு என்னவென்று எண்களிலேயே காட்டுகிறேன். நிலைக்கழிவு போக என் வருமானம் 6,80,000 ரூபாய். வசிப்பவராக இருந்திருந்தால் 2023-24-ன் புதிய வரிமுறையில் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி சுழியம். அந்தத் தள்ளுபடி வசிக்காதவருக்கு இல்லை. ஆகவே செஸ் சேர்த்து 23,920 ரூபாய். என்.ஆர்.ஓ. வைப்பின் வட்டியில் 31.2 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கிறார்கள்; 2,40,000 ரூபாய் வட்டிக்கு 74,880. மிகையாகப் பிடித்தது கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும், ஆனால் காலாண்டு வட்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது ஆறுதலாகாது. பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மூத்த குடிமக்களுக்கான 3 லட்ச வரம்பும், வட்டிக்கான 50,000 ரூபாய் 80டிடிபி கழிவும் போய்விடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கவும் முடியாது. 30 லட்சம் வரை போட இடமிருந்தால் ஊரில் வசிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலிய வரியைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. தற்காலிக விசாவில் இருக்கும் கணவன், மனைவி இருவருக்கும் இந்தியாவிலிருந்து வரும் வட்டிக்கும் வாடகைக்கும் இங்கே பொதுவாக வரி கிடையாது.

11 செப்டம்பர் 2024

ஆவக்காய் ஊறுகாயைக் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்கிறார். இந்த இழை நிதித் திட்டமிடல் பற்றியது. இருந்தாலும் சொல்கிறேன்: எதைக் கொண்டுவந்தாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். மறைத்து மாட்டினால் கட்டும் அபராதத்தில் ஒரு மாத மருத்துவக் காப்பீடு போய்விடும். அப்படிப் பார்த்தால் நிதித் திட்டமிடல்தான்.

6 அக்டோபர் 2024

டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போகவிருக்கும் அம்மையார், அங்கே காப்பீடு கட்டாயம், ஆஸ்திரேலியாவிலும் அப்படியா என்று கேட்டிருக்கிறார். பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஓராண்டுக்கு 1,00,000 கனடா டாலர் காப்பீட்டைக் காட்ட வேண்டும்; 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் ஐந்தாண்டுகள் வரை தங்கலாம். ஆஸ்திரேலியாவிலும் கட்டாயம், தங்கியிருக்கும் காலம் முழுவதும் வைத்திருப்பது விசாவின் நிபந்தனை. எங்கள் இருவருக்கும் மாதம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இதை மகனுடைய கணக்கிலிருந்து கட்டுவதா என்னுடையதிலிருந்து கட்டுவதா என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை.

காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சென்ற ஆண்டு ஜூலையில் தெரிந்துகொண்டேன். பின்கட்டின் மரத்தளம் இரவு மழையில் ஊறியிருந்தது. துணி காயப் போடப் போன மனைவி வழுக்கி இடக்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வளைந்து, கவிழ்த்து வைத்த கரண்டிபோல் இருந்தது. அவசரப் பிரிவின் கண்ணாடிச் சன்னலில் கேட்ட முதல் கேள்வி பெயரன்று, மெடிகேர் அட்டை. இல்லை என்றதும் இன்னொரு படிவம், கடவுச்சீட்டு எண், காப்பீட்டு எண், கட்டணத்துக்கு நானே பொறுப்பு என்று ஒரு கையெழுத்து. மனைவி வலது கையால் இடது கையைத் தாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். காப்பீடு, எங்கள் பங்காகிய 250 டாலர் போக, மீதியைக் கட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இரண்டு மாதம் கழித்து வந்தது. எனக்கு 12 ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. செப்டம்பரில் நெஞ்சில் ஒரு பிடிப்பு. இதய மருத்துவரும் எக்கோவுமாக 900 டாலருக்கு மேல். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு என்று ஆவணத்தில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் ஆறு பக்கங்களைப் படித்திருந்தேன். முதல் ஓராண்டுக்கு, பழைய நோய்களுக்கென்று ரொக்கமாக ஒரு தொகையைத் தனியே வைத்துக்கொண்டு புறப்படுங்கள். மூன்று மாத மருந்தை, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு, கையோடு கொண்டுவர அனுமதி உண்டு, அதைக் கொண்டுவாருங்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆம்புலன்சும் இலவசமன்று. உங்கள் காப்பீட்டில் அது அடங்குகிறதா என்று பாருங்கள்.

17 நவம்பர் 2024

நவம்பர் வந்துவிட்டது. ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்கும் மாதம். துணைத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கிக் கிளைக்கு அனுப்பினேன். சென்ற ஆண்டு அனுப்பியது கிளையில் எங்கேயோ தங்கிவிட, டிசம்பர் ஓய்வூதியம் நின்றது. மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, நான்தான் பேசுகிறேன் என்றேன். குரல் கேட்கிறது சார், ஆனால் சான்று வரவில்லையே என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அவர் நாற்காலியில் இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

2 பிப்ரவரி 2025

ஆகஸ்ட் 4-ல் டிசிஎஸ் பற்றி எழுதியதில் இரண்டு திருத்தங்கள். ஒன்று, நேற்றைய நிதிநிலை அறிக்கை 7 லட்ச வரம்பை 10 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 80 லட்சத்துக்கு 14 லட்சம் என்று ஆகும். இரண்டாவது என்னுடைய பிழை. அந்த டிசிஎஸ், வசிப்பவர் ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பும் திட்டத்துக்கானது. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்புகிற வசிக்காதவருக்கு அது பொருந்தாது. அவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற வேறு வரம்பு, ஆடிட்டர் சான்றுடன் 15சிஏ, 15சிபி என்ற வேறு படிவங்கள். விற்பதற்கு ஊரில் வசிப்பவராக இருப்பது நல்லது, அனுப்புவதற்கு வசிக்காதவராக இருப்பது நல்லது. சட்டம் எழுதியவர்கள் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள்.

20 ஏப்ரல் 2025

ஓடிபி. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் இது இல்லாமல் மேலே எழுதிய எதுவும் நடக்காது.

பழைய நோக்கியா கைபேசியில் ஊர் சிம்மைப் போட்டுச் சமையலறைச் சன்னல் ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். வேறெங்கும் கோடு நிற்பதில்லை. கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு நான் கணினியில் இருப்பேன், மனைவி சன்னலிலிருந்து ஆறு இலக்கங்களை உரக்கப் படிப்பாள். எட்டா, ஏழா என்று நான் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

சென்ற மாதம் சிம்முக்குப் பணம் போட மறந்து அது அணைந்துபோனது. ஊர் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்திகள் அதோடு போயின. 30 நாள் சலுகைக் காலத்தின் 26-ஆம் நாளில் தற்செயலாகப் பார்த்துக் கட்டினேன். இன்னும் நான்கு நாட்கள் போயிருந்தால் 15 ஆண்டுப் பாலிசி முறிந்திருக்கும். 68 வயதில் புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க வைப்பார்கள். இங்கே இருக்கும்போது அந்தக் காப்பீடு எதற்கு என்று மகன் கேட்டான். இங்கே அதற்கு ஒரு பயனும் இல்லை. அது திரும்பிப் போகிற நாளுக்கானது.

13 ஜூலை 2025

ஸ்ரீரங்கத்து நண்பர் எழுதியிருக்கிறார். வீட்டை விற்கவில்லை, கையிருப்பிலிருந்து 20 லட்சத்தை மட்டும் மகனுடைய கடனோடு இணைந்த ஆஃப்செட் கணக்கில் போடலாமா என்று கேட்கிறார். அந்தக் கணக்கில் இருக்கும் தொகைக்குக் கடன்வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு மகன் பெயரில் இருக்கும்.

இதைப் பற்றி முன்பு கடுமையாக எழுத நினைத்து விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் எழுத்து வாங்குவதா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். இது பிள்ளையை நம்பாததால் எழுதுவதன்று. நாளை அவனுக்கு ஒன்று ஆனாலோ, மணவாழ்க்கையில் பிரிவு வந்தாலோ, அந்தக் கணக்கில் யாருடைய பணம் எவ்வளவு என்று சொல்ல ஒரு தாளாவது வேண்டும். கடனா, கொடையா என்று ஒரு பக்கத்தில் எழுதி, மருமகளும் சேர்ந்து கையெழுத்திடட்டும். நாங்கள் கொடுத்தது 8 லட்சம். தாளை நீட்டியபோது மகன் முகம் சுளித்தான். மருமகள்தான் பேனாவை எடுத்தாள்.

5 அக்டோபர் 2025

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஏப்ரலில் புதுப்பித்தபோது 18 விழுக்காடு கட்டினேன். நேரம்.

எங்கள் மூன்றாண்டு விசா ஜனவரியில் முடிகிறது. ஊருக்கு வந்து 90 நாட்களுக்கு மேல் இருந்துவிட்டு, அடுத்ததற்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று அங்கிருந்தே முடிவு செய்வோம். மார்ச் 31-க்குள் ஊரில் எண்பது நாட்கள் ஆகிவிடும். 60-ஐத் தாண்டிவிட்டது; முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் எனக்கு இருக்கின்றன. ஆகவே நான் வருவது ஊரைப் பார்க்கவா, ஊரோடு திரும்பவா என்பதைப் பொறுத்து வரி மாறும். ஆடிட்டர் அதையே கேட்டார். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டை வாடகைக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்கு: விடலாம், நாங்கள் விட்டிருக்கிறோம். ஆனால் வசிக்காதவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதானாலும், 31.2 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர், வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும். எங்கள் குடித்தனக்காரர் இரும்புக்கடை வைத்திருப்பவர். உங்கள் வீட்டில் குடியிருப்பதற்கு நான் வருமான வரி அலுவலகத்தில் பதிய வேண்டுமா என்று கேட்டார். அவர் கடைக்கணக்கு எழுதுகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை நான் கொடுப்பதாகப் பேசி முடித்தோம். ஒப்பந்தம் 11 மாதங்களுக்கு. டிசம்பர் 20-க்குள் காலி செய்து, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஸ்ரீரங்கத்து நண்பர் சென்ற வாரம் மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தார். ஊர் சிம்மை விமான நிலையத்தில் மாற்றும்போது கீழே போட்டுவிட்டாராம். இதைப் படிக்கிறவர்கள் சிம்மை மாற்றாமல் இரண்டாவது கைபேசியில் வாருங்கள்.